சத்தம் போடாமல் திருத்திய ட்ராக்டர்

பிள்ளைகள், போன இலையுதிர்காலம் முழுக்க என் நகங்களுக்குள் இருந்த கறுப்பு என்னவென்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். நான் "கிறீஸ்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். விளக்கிச் சொல்ல உடம்பில் தெம்பு இருக்கவில்லை. இப்போது முதுகுவலிக்காக டாக்டர் கொஞ்ச நாள் வேலைக்குப் போகவேண்டாம் என்று எழுதித் தந்திருக்கிறார். படுத்தாலும் வலி, இருந்தாலும் வலி. இருந்து எழுதலாம் என்று தொடங்குகிறேன்.

நம் தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் கிழவரை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் நம் வாசலில் ஒரு பை நிறைய அப்பிள் வைத்துவிட்டு மணி அடிக்காமல் போகிறவர். மனைவி இறந்துவிட்டார். மகன் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார், சனிக்கிழமைகளில் வந்து போவார். கிழவரின் இரண்டு முழங்காலும் செயற்கை. அவருடைய அப்பிள், பேரி மரங்கள் எல்லாம் ஊருக்கு மேலே, சரிவில் நிற்கின்றன. அந்தச் சரிவு ஏறி நடக்க அவரால் ஏலாது. காரை மகன் முன்பே விற்றுவிட்டார். மேலே போவதற்கு மிஞ்சியிருந்தது ஒரு பழைய ட்ராக்டர் மட்டும்தான். அது என்னிலும் வயதில் மூத்தது. ஒற்றைச் சிலிண்டர் டீசல். ஓடினால் தெருவில் ஜன்னல் கண்ணாடி எல்லாம் சேர்ந்து நடுங்கும்.

அந்த ட்ராக்டர் இல்லாவிட்டால் அவர் குசினி ஜன்னலுக்குள் இருந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். கிழவர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். அவர் பேசுவது இந்தப் பக்கத்துச் சுவாபிய ஜெர்மன். என் காதில் அது நம்முடைய பேச்சாகத்தான் விழும், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

"நீ மெசினோட வேலை செய்யிறவன்தானே?"

"தகடு அடிக்கிற பிறெஸ். பட்டன் அமத்துறதுதான் என்ர வேலை."

"பட்டன் அமத்துறவனுக்குக் காது இருக்கும்தானே. வந்து ஒருக்காக் கேள்."

போய்க் கேட்டேன். எஞ்சின் மூச்சு வாங்கியது. அதாவது, யாரும் கைவைக்காமலே வேகம் ஏறும், பிறகு விழும், திரும்ப ஏறும். காய்ச்சல்காரன் படுக்கையில் இழுப்பது மாதிரி.

உங்களுக்கு விளங்குவதற்காகச் சொல்கிறேன். காரில் நாம் காலால் மிதிக்கும் அளவுக்குத்தான் எரிபொருள் போகும். இந்தப் பழைய ட்ராக்டரில் அப்படியில்லை. கால் மிதி ஒன்றும் இருக்கிறது, ஆனால் முக்கியம் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கை லீவர். அதை ஓரிடத்தில் வைத்தால், "இந்த வேகத்தில் ஓடு" என்று சொன்ன மாதிரி. அந்த வேகத்தைக் காப்பது கவர்னர். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் இரண்டு இரும்புக் குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரிந்து எரிபொருளைக் குறைக்கும். மேட்டில் வேகம் குறைந்தால் குண்டுகள் சுருங்கும், ஒரு ஸ்பிரிங் இழுத்து எரிபொருளைக் கூட்டும். கவர்னருக்கும் டீசல் பம்புக்கும் இடையில் குட்டைத் தண்டுகளும், மூட்டுகளும், மூட்டுகளைக் கோக்கிற இரும்பு ஊசிகளும் இருக்கின்றன. இவ்வளவுதான்.

எஞ்சின் இழுப்பதைக் கேட்டதும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். ஏன் அப்படி நினைத்தேன் என்றால், எனக்குத் தெரிந்த கவர்னர் யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினின் கவர்னர்தான். பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பாட்ஸ் என்று ஒன்றும் வராது. ஸ்பிரிங் தளர்ந்தால் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு கீலம் வெட்டி இழுத்துக் கட்டிவிடுவோம். வெங்காயத்துக்குத் தண்ணீர் போனால் போதும். அங்கே எல்லோரும் செய்தது அதுதான்.

கையும் அதைத்தான் செய்தது. வீட்டில் கிடந்த பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு கீலம் வெட்டினேன், கவர்னர் லீவரில் கட்டினேன். எஞ்சின் உடனே சீராக ஓடியது. கிழவர் தலையை ஆட்டினார். வீட்டில் புளிக்கவைத்த அப்பிள் சாறு, மோஸ்ட், ஒரு போத்தல் தந்தார். நானும் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

நான் யோசிக்காத விஷயம் இது. இறைக்கிற மெசின் ஒரே இடத்தில், ஒரே பாரத்தில், நாள் முழுக்க நிற்கும். ட்ராக்டருக்குப் பாரம் ஏறும், இறங்கும். நான் கட்டிய ரப்பர் எந்த நேரமும் "கூட்டு, கூட்டு" என்று இழுத்துக்கொண்டிருந்தது. குண்டுகளுக்கு அதை மீறித் தள்ள வலு இல்லை. முற்றத்தில் சும்மா நின்றபோது அது சீர் மாதிரித் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் மேலே போனார். மகன் முன்னமே ஏணி வைத்து அப்பிள் ஆய்ந்துகொண்டிருந்தார். மேட்டு முனையில் திருப்புவதற்காகக் கிழவர் கிளச்சை மிதித்தார். பாரம் விட்டதும் எஞ்சின் அலறியது. அவர் பயந்துபோனார், கால் கிளச்சிலிருந்து வழுக்கியது. ட்ராக்டர் பாய்ந்து ஒரு பேரி மரத்தில் போய் முட்டி நின்றது. மரம் பழைய மரம், அதனால் தாங்கியது. மகன் ஏணியால் குதித்து ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் சரிவு நேரே ரோட்டுக்கு இறங்குகிறது.

நான் வேலையால் வந்தபோது மகன் அவர்களுடைய முற்றத்தில் நின்றார். கையில் அந்த ரப்பர்.

"இது என்ன?"

"சைக்கிள் ட்யூப்."

"கவர்னரில சைக்கிள் ட்யூப்."

"ஓம்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ட்ராக்டரில் சொருகியிருந்த திறப்பை உருவித் தன் காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.

"மெசின் என்ர," என்றார் கிழவர். "நான் இன்னும் சாகேல்ல."

"அதுக்காகத்தானப்பா திறப்பை எடுக்கிறன்."

பிறகு மகன் என்னைப் பார்த்துச் சொன்னார். பழைய ட்ராக்டர் சேர்க்கிற ஒருவர் இதைக் கனகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்பிள் ஆய்ந்து முடிந்ததும் வந்து ஏற்றிக்கொண்டு போவார். அதற்குள் சரியாகத் திருத்தினால், தானே ஏறி மேலே போய் வந்து பார்ப்பதாகவும், திருப்தி என்றால் திறப்பைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். "ஆனா ரப்பர் வேண்டாம்," என்றார்.

அன்றைக்கு வீட்டில் நடந்ததை நீங்கள் அறைக்குள் இருந்து கேட்டிருப்பீர்கள்.

"உங்களுக்கு முதுகு ஏலாது," என்றா அம்மா. "வீட்டில ஒரு பல்ப் மாத்த ஏலாது. ஆனா ஆரோ ஒருத்தரின்ர ட்ராக்டருக்குக் கீழ படுக்க ஏலும்."

"நான்தானே கெடுத்தது."

"அது முன்னமே கெட்டதுதானே. நல்லாயிருந்த சாமானையா கெடுத்தனீங்கள்?"

கேட்டுக்கொண்டே அம்மா சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு, அடுத்த நாள் போடுவதற்குப் பழைய சேர்ட் ஒன்றையும் எடுத்து வைத்தா.

நான் வேலை செய்கிற ஃபாபிரிக்கில் அந்த மாதம் சனிக்கிழமையும் வேலை. எனக்கென்று இருந்தது ஞாயிறு மட்டும். இந்த ஊரில் ஞாயிறு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். புல் வெட்டக்கூடாது, துளை போடக்கூடாது, சுத்தியல் எடுக்கக்கூடாது. தொட்டிக்குள் போத்தல் போடுகிற சத்தத்துக்கே முன்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்ப்பா. திறப்பும் மகனின் பைக்குள். எஞ்சினை ஓட்டிக் கேட்கவும் ஏலாது, தட்டிப் பார்க்கவும் ஏலாது.

கிழவர் ட்ராக்டர் நின்ற கொட்டிலின் பெரிய கதவைச் சாத்தினார். ஒரு அப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தார். கோயிலுக்குள் கதைப்பது மாதிரி மெல்லக் கதைத்தார்.

"என்ன செய்யப் போறாய்?"

"தெரியாது," என்றேன்.

ஹம்பேர்க்கில் இருக்கிற உங்கள் சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவன் துறைமுகத்தில் லொறி திருத்துகிறவன். முதலில் நல்லாய்ச் சிரித்தான்.

"அண்ணை, ஜெர்மன்காரன்ர ட்ராக்டருக்கு ட்யூப் கட்டின ஆள் எண்டு உங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கோணும்."

"வைக்கலாம். முதல் வழியைச் சொல்லு."

"எஞ்சின் ஓடேல்லை எண்டாலும் பரவாயில்லை. பம்பில இருந்து தொடங்குங்கோ. ஒவ்வொரு ஊசியாக் கழட்டி, ஒவ்வொரு தண்டையும் தனிய ஒரு விரலால ஆட்டிப் பாருங்கோ. எங்க இறுகுதோ அங்கதான் வருத்தம். ஸ்பிரிங்கில கைவைக்காதேங்கோ."

"ஸ்பிரிங்தான் எண்டு நினைச்சன்."

"நினைப்பியள். நீங்கள் இன்னும் வெங்காயத்துக்கு இறைச்சுக்கொண்டு நிக்கிறியள்."

போனை வைத்துவிட்டுக் கீழே படுத்தேன். சீமெந்துக் குளிர் முதுகால் ஏறியது. கிழவர் எழும்பிப் போய், மனைவி தோட்டத்தில் முழங்காலுக்குப் போட்ட பச்சை மெத்தையைக் கொண்டுவந்து என் இடுப்புக்குக் கீழே தள்ளினார். அதில் காய்ந்த மண் இன்னும் ஒட்டியிருந்தது.

ஊசிகளில் சின்னப் பூட்டுக் கம்பிகள். துருப்பிடித்து உடைந்தன. தட்டினால் சுகமாக வரும், ஆனால் தட்டக்கூடாது. டீசலை ஊற்றி, காத்திருந்து, குறடால் திருகித் திருகி எடுத்தேன். ஒரு ஊசிக்குள் பொழுது போய்விடும். இடையில் கண் மூடிவிட்டது போல.

"நித்திரையோ?" என்றார் கிழவர்.

"இல்லை. யோசிக்கிறன்."

"குறட்டை விட்டு யோசிக்கிறாய்."

பம்பின் பக்கம் விரலால் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போனது. கவர்னரின் பக்கம், அதுவும் சுகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு திருப்பு லீவர், விரலளவு தடித்த ஊசியில் ஆடுகிற ஒன்று. அதைத் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன், டக் என்று துள்ளிப்போய் நின்றது. திரும்பத் தள்ளினேன். அதேபோல் இறுகி, பிறகு துள்ளியது.

எஞ்சின் ஓடியிருந்தால் அந்த நடுக்கத்தில் இது என் விரலுக்குத் தெரிந்திருக்காது. கவர்னர் கொஞ்சம் குறை என்று இழுக்கும், இது இறுகி நிற்கும். இன்னும் இழுக்கும், இது திடீரென்று துள்ளி அளவுக்குமேல் குறைத்துவிடும். பிறகு கூட்டும்போதும் அதே கதை. எஞ்சின் மூச்சு வாங்கியதற்குக் காரணம் அதுதான். ஸ்பிரிங்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

கழற்றிப் பார்த்தால், எந்தக் காலத்திலோ பூசிய கிறீஸ் பலாப்பால் மாதிரிக் காய்ந்துபோயிருந்தது. கிழவர் அதைக் கையில் வாங்கி நகத்தால் சுரண்டினார்.

"வருசா வருசம் கிறீஸ் வைச்சனான்," என்றார். "பழசைத் துடைக்காமல்."

நான் மிச்சத்தைத் துணியால் துடைக்கத் தொடங்கினேன்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகள் எல்லாம் அந்தக் கொட்டிலுக்குள்தான். ஐஸ்கிறீம் பெட்டிக்குள் டீசல் விட்டுச் சாமான்களை ஊறப்போட்டேன். பல் விளக்கும் பிரஷால் உரசினேன். தேய்ந்து முட்டை வடிவமாய்ப் போன ஓட்டைகளுக்கு உள்வளையமாகப் புது புஷ் போட்டேன், புது ஊசிகள் போட்டேன். ஒரு தண்டு வளைந்து பக்கத்துத் தகட்டில் உரசியிருந்தது, உரசிய இடம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. அதைக் கிடுக்கியில் வைத்து மெதுவாக நிமிர்த்தினேன். கடைசியாகக் கிறீஸ் வேண்டாம் என்று மெல்லிய எண்ணெய் மட்டும் விட்டேன். குளிருக்குக் கிறீஸ் இறுகும். முடிவில் எல்லாவற்றையும் பூட்டி, பம்புப் பக்கம் ஒரு விரலால் தொட்டேன். தண்டுகள் எல்லாம் ஒன்றாய் அசைந்து, விட்டதும் ஒன்றாய்த் திரும்பின.

திங்கட்கிழமைகளில் பிறெஸ் முன்னால் நிற்கும்போது கால் என்னுடையது மாதிரி இருக்காது. நீங்கள் இருவரும், "அப்பா, ஏன் இந்த வயசில இதெல்லாம்?" என்று கேட்டீர்கள். வேலையையும் சேர்த்துத்தான் கேட்டீர்கள் என்று எனக்கு விளங்கியது. பாதி நேரம் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை லீவு கேட்டு எடுத்தேன். மகன் வந்தார். திறப்பைப் போட்டார். எஞ்சின் பிடித்தது. சும்மா ஓடவிட்டு நின்று கேட்டார். இழுப்பு இல்லை. கை லீவரைத் தூக்கினார், வேகம் கூடவே ஏறியது. இறக்கினார், இறங்கியது. பின்னால் இழுவைப் பெட்டியைப் பூட்டி, பாரத்துக்காக அப்பிள் சாக்குகளை ஏற்றி, தானே மேலே கொண்டுபோனார்.

கிழவரும் நானும் வாசல் படலையில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மேட்டு முனையில் சத்தம் ஒரு சொட்டு ஏறியது, உடனே பழைய இடத்துக்கு வந்தது.

"கிளச் மிதிச்சிட்டான்," என்றார் கிழவர். என் கையைப் பிடித்திருந்தார். பிடித்ததை அவர் கவனிக்கவில்லை.

மகன் ட்ராக்டரைக் கீழே கொண்டுவந்து எஞ்சினை நிறுத்தினார். தகப்பனைப் பார்த்து, "சரியா ஓடுது," என்றார். கிழவர் மோஸ்ட் எடுக்க நிலவறைக்குள் போனார். அவர் போனபிறகு மகன் சீட்டிலிருந்து இறங்காமலே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீங்கள் திருத்த மாட்டியள் எண்டு நினைச்சன். உண்மையைச் சொன்னால், திருத்தக்கூடாது எண்டு நினைச்சன்."

நான் நிமிர்ந்து பார்க்க, அவரே தொடர்ந்தார்.

"மெசின் பிழை எண்டு சொல்லி வித்திருப்பன். இனி அப்பாதான் பிழை எண்டு சொல்லோணும். அவரின்ர கால் கிளச்சில நிக்குதில்லை. அண்டைக்கு ரப்பர் இல்லாட்டியும் வழுக்கியிருக்கும்."

பிள்ளைகள், அந்த ஞாயிறுகளின் களைப்பு எல்லாம் அப்போதுதான் என்மேல் வந்து இருந்தது. நான் ஒரு கிழவருக்கு வழி திறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்த மகனோ இரவில் நித்திரை கொள்ளாமல் இருந்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. நீங்கள் என்னிடம் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் தகப்பனிடம் கேட்க வழியில்லாமல் நின்றார்.

என்னிடம் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. தண்டுகளைப் பற்றி மட்டும்தான் தெரியும். ஆகவே அதைச் சொன்னேன்.

"கை லீவர் ஓடுற தட்டில ஒரு துளை போட்டு, ஒரு போல்ட் வைக்கலாம். அதுக்கு மேல லீவர் போகாது. வேகம் கூட்டுற கால் மிதிக்கு எண்டும் ஒரு தண்டு இருக்கு, அதைக் கழட்டிவிடலாம். முதல் கியரில நடக்கிற வேகம்தான் வரும். வழுக்கினாலும் பாயாது."

அவர் அந்தத் தட்டைக் கனநேரம் பார்த்தார். "அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்."

போத்தலோடு வந்த கிழவரிடம் சொன்னோம். "என்னைப் பிள்ளை வண்டில்ல வைச்சுத் தள்ளப் பாக்கிறியள்," என்றார். போத்தலைக் கீழே வைத்தார். பிறகு, "துளை எங்க வரும்?" என்று கேட்டார்.

மகன் தட்டின் அடிப்பக்கத்தைக் காட்டினார். கிழவர் மேல்பக்கத்தைக் காட்டினார். "அங்க போட்டா ஏறாது. வெறும் பெட்டியைக் கொண்டுபோகவா நான் போறன்?" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கும் தெரியாது. ஏற்றிப் பார்த்துத்தான் சொல்லலாம் என்றேன். நிறைந்த பெட்டியோடு கிழவரே ஓட்டட்டும், நான் ஒரு கிடுக்கியைத் தட்டில் கவ்வவைத்து லீவரை மறிக்கிறேன், எந்தக் குறைந்த இடத்தில் எஞ்சின் திணறாமல் மேடு ஏறுகிறதோ அங்கே துளை.

முதல் இடத்தில் சரிவின் பாதியில் நின்றுவிட்டது. பின்னுக்கு இறக்கி, கிடுக்கியைக் கொஞ்சம் உயர்த்தினோம். ஏறியது, ஆனால் திணறியது. இன்னும் கொஞ்சம். இந்தமுறை மேடு வந்ததும் குண்டுகள் தங்கள் வேலையைச் செய்தன. சத்தம் கனத்தது, வேகம் குறையவில்லை. நான் மட்கார்டில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். அவ்வளவு மெதுவாகப் போனது. மேலே போய்க் கிழவர் கிளச்சை மிதித்தார், அவருடைய கால் வழுக்கியது. ட்ராக்டர் ஒரு அடி நகர்ந்து, அந்த நடை வேகத்திலேயே உருண்டது. அவர் நிதானமாகக் காலைத் திரும்ப வைத்து நிறுத்தினார்.

மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வந்ததும் துளையைத் தானே போட்டார். போல்ட்டை நான் இறுக்கினேன். கால் மிதியின் தண்டைக் கழற்றி கொட்டில் சுவரில் தொங்கவிட்டோம். ட்ராக்டர் வாங்க இருந்தவருக்கு மகன் முற்றத்தில் நின்றே போன் எடுத்தார். "இல்லை, இந்த வருசம் இல்லை," என்றார். அடுத்த வருடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மேலே இன்னும் ஆயாத மரங்கள் நின்றன. கிழவர் ஏறி இருந்தார். மகன் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் நடக்கத் தொடங்கினோம். படலையைத் தாண்டியதும் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"பிரேத ஊர்வலம் மாதிரிக் கிடக்கு. ரெண்டு பேரும் பெட்டியில ஏறுங்கோ."

சட்டப்படி ஏறக்கூடாது என்று மகனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஏறினேன். மகன் கொஞ்சத் தூரம் தனியாக நடந்துவிட்டு, பிறகு தானும் ஏறி, காலைத் தொங்கவிட்டபடி என் பக்கத்தில் இருந்தார்.